ஜாம்பி படத்துக்குத் திரைக்கதை எழுதுவது எப்படி? கதவில் இருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஜாம்பி படம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஜாம்பியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். வைரஸ் எந்த லேபில் இருந்து கசிந்தது, கண் என்ன நிறத்துக்கு மாறும், கழுத்து எப்படி முறுக்கும் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்து வைத்திருப்பார்கள். இருபதாவது சீனுக்கு மேல் கதை நகராது. துரத்தல், ஒளிதல், ஒரு சாவு, மறுபடியும் துரத்தல் என்று அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வகைப் படத்தில் கதை நடப்பது கதவுகளில். வெளியே கூட்டம் வருகிறது, உள்ளே சிலர் இருக்கிறார்கள், நடுவில் ஒரு கதவு. ஓடி வருகிறவருக்காக அதைத் திறந்து வைப்பதா, சாத்துவதா? யார் திறக்கிறார், யார் சாத்துகிறார், அதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதில்தான் கதாபாத்திரமும் இருக்கிறது, கதையின் திருப்பமும் இருக்கிறது. 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே போன பென் உயிர் தப்பி ஓடி வந்து கதவைத் தட்டும்போது, உள்ளே இருக்கும் ஹாரி கூப்பர் திறக்க மாட்டேன் என்று நிற்கிறார். பென் கதவை உதைத்துத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. படத்தின் மொத்தச் சண்டையும் அந்த ஒரு கதவில் வந்து நிற்கிறது.

இந்த வழிகாட்டிக்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது 2016-ல் வந்த கொரியப் படமான ‘ட்ரெய்ன் டு பூசான்’. இயக்குநர் யோன் சாங்-ஹோ அதுவரை அனிமேஷன் படங்கள் எடுத்தவர். நடிகர்களை வைத்து எடுத்த முதல் படம் இது. 118 நிமிடம். கொரியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. கட்டமைப்பைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுத்தமான ஜாம்பி திரைக்கதை எனக்குத் தெரியவில்லை. முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போகிறேன். அதனால் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: ஜாம்பியின் சட்டங்களை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

வைரஸின் வரலாறு பார்வையாளருக்குத் தேவையில்லை. ‘ட்ரெய்ன் டு பூசான்’ அதை ஒரே சீனில் முடித்துவிடுகிறது. ஒரு சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தி மருந்து அடிக்கிறார்கள். பக்கத்தில் ஏதோ சின்னக் கசிவு என்கிறார்கள். லாரிக்காரர் அலுத்துக்கொண்டே போகிறார், வழியில் ஒரு மானை இடித்துவிடுகிறார். லாரி போன பிறகு செத்த மான் உதறிக்கொண்டு எழுந்து நிற்கிறது, கண் வெளுத்துப் போயிருக்கிறது. அவ்வளவுதான். விஞ்ஞானி இல்லை, விளக்கவுரை இல்லை.

பார்வையாளருக்குத் தேவைப்படுவது சட்டங்கள். இந்தப் படத்தில் அவை நான்குதான். கடிபட்டவர் ஜாம்பி ஆவார், சிலர் நொடிகளில், சிலர் கொஞ்சம் தாமதமாக. ஜாம்பி வேகமாக ஓடும். கண்ணில் பட்டால் பாயும், சத்தம் கேட்டால் திரும்பும், இருட்டில் அதற்குக் கண் தெரியாது. கதவைத் திறக்கத் தெரியாது.

ஒவ்வொரு சட்டமும் ஒரு ஆபத்தையும் தப்பிக்க ஒரு வழியையும் சேர்த்தே கொடுப்பதைக் கவனியுங்கள். பார்த்தால் பாயும் என்பது ஆபத்து. அப்படியானால் பார்க்காதபடி செய்துவிட்டால்? அந்த வழியைக் கண்டுபிடிப்பது வீரன் இல்லை, நிறைமாதக் கர்ப்பிணியான சியோங்-கியோங். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜாம்பிகள் முட்டி மோதிக்கொண்டிருக்க, அவள் கண்ணாடி மேல் தண்ணீரை அடித்து, செய்தித்தாளை விரித்து ஒட்டுகிறாள். கூட்டம் அடங்கிவிடுகிறது. ஒரு வசனம்கூட விளக்கத்துக்கு வேண்டாம், நமக்கே புரிந்துவிடுகிறது. ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் ஜாம்பிகள் திக்குத் தெரியாமல் நின்றுவிடுகின்றன என்பதும் இப்படித்தான் தெரியவருகிறது, செயலின் நடுவில், ஒருவர் கண் முன்னால்.

உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள். இதை யார் கண்டுபிடிக்கிறார், எந்த இடத்தில் அது நம் ஆட்களைக் காப்பாற்றுகிறது, எந்த இடத்தில் அதே சட்டம் அவர்களை மாட்டிவிடுகிறது. மூன்றாவது வரிதான் கடினம், ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். ஜாம்பிக்குக் கதவு திறக்கத் தெரியாது என்பதால்தான் பெட்டிக்குள் இருப்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள். அப்படிப் பத்திரமாக இருப்பதால்தான், வெளியே இருக்கும் மனிதர்களுக்கும் திறக்க மாட்டோம் என்று முடிவெடுக்கிறார்கள்.

ஒருமுறை எழுதிய சட்டத்தை நடுவில் மாற்றக் கூடாது. க்ளைமாக்ஸில் வசதிக்காக ஒரு ஜாம்பி கைப்பிடியைத் திருகினால், அதற்கு முன்னால் பார்வையாளர் கொடுத்த நம்பிக்கை மொத்தமும் போய்விடும்.

படி 2: இடத்தைப் பூட்டுங்கள், ஆனால் அதற்கு ஒரு திசை கொடுங்கள்

பண்ணை வீடு, வணிக வளாகம், மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று அடைத்துப் போட எத்தனையோ இடம் உண்டு. அடைத்த இடத்தில் ஒரு சிக்கல் என்னவென்றால், கதை உட்கார்ந்துவிடும். ரயில் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடியாது, ஆனால் இடம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சியோலில் கிளம்புகிறது, சோனானில் நிற்காமல் போகிறது, தேஜோனில் நிற்கிறது, டோங்தேகுவில் பாதை அடைபட்டு நின்றுபோகிறது, கடைசியில் பூசான். ஒவ்வொரு நிலையமும் திரைக்கதையில் ஒரு மைல்கல்.

உள்ளேயும் ஒரு திசை இருக்கிறது. தேஜோனுக்குப் பிறகு நாயகன், அந்தக் கர்ப்பிணியின் கணவன், ஒரு பையன் என்று மூன்று ஆண்கள் 9-ஆம் பெட்டியில் ஏறிவிடுகிறார்கள். நாயகனின் மகளும் அந்தக் கர்ப்பிணியும் 13-ஆம் பெட்டியின் கழிப்பறையில் மாட்டியிருக்கிறார்கள். மற்றப் பயணிகள் 15-ஆம் பெட்டியில் இருக்கிறார்கள். ஒன்பது, பதின்மூன்று, பதினைந்து: இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும், அடுத்த அரை மணி நேரம் யார் எங்கே இருக்கிறார், எவ்வளவு தூரம் பாக்கி என்பதில் யாருக்கும் குழப்பமே வராது.

எனவே ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் இடத்தின் வரைபடத்தைப் போடுங்கள். கதவுகளை மட்டும் சிவப்பு மையில் குறியுங்கள். எது கண்ணாடி, எது இரும்பு, எது உள்ளே திறக்கும், எதற்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதுங்கள். ஆறேழு கதவு இருந்தால் ஒரு முழுப் படம் எழுதலாம். அப்புறம் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் முழு ரயில், பிறகு சில பெட்டி, பிறகு ஒரு பெட்டி, பிறகு இரண்டு பெட்டிக்கு நடுவில் இருக்கும் இணைப்புப் பகுதி, கடைசியில் ஒரு இன்ஜின். ‘ட்ரெய்ன் டு பூசான்’ இந்த வரிசையைப் பிசகாமல் பின்பற்றுகிறது.

படி 3: வைரஸ் வருவதற்கு முன்பே ஒரு உறவு உடைந்திருக்க வேண்டும்

நாயகன் சியோக்-வூ ஒரு நிதி மேலாளர். விவாகரத்து ஆனவர். மகள் சு-ஆன் பிறந்தநாளுக்குப் பூசானில் இருக்கும் அம்மாவிடம் போக வேண்டும் என்கிறாள். அவர் ஒரு வீடியோ கேம் பெட்டியைப் பரிசாகக் கொடுக்கிறார். மகள் முகத்தில் எந்தச் சந்தோஷமும் இல்லை. ஏன் என்று பார்த்தால், அலமாரியில் அதே பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. குழந்தைகள் தினத்துக்கு அவரே வாங்கிக் கொடுத்தது. ஒரு அப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்ல இந்த ஒரு பொருள் போதும். பிறகு மகள் பள்ளியில் பாடிய வீடியோ. பாட்டுப் பாதியில் நின்றுபோகிறது. அப்பா கேட்க வராததால் அவளால் முழுதாகப் பாட முடியவில்லை.

இந்த இரண்டு சீனையும் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ஜாம்பி படத்தில் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தை எல்லாரும் வீணாக்குகிறார்கள். நண்பர்கள் அரட்டை, ஒரு காதல் காட்சி, டிவியில் ஏதோ செய்தி ஓடுவது என்று போய்விடுகிறது. முதல் கடி விழுந்த பிறகு யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. உறவில் இருக்கும் விரிசலை அதற்கு முன்பே, ஒரு பொருளாலோ ஒரு செயலாலோ காட்டியாக வேண்டும். அந்தப் பாதிப் பாட்டு முடிவில் திரும்ப வரப்போகிறது. அதற்கு அப்புறம் வருவோம்.

நாயகனுக்கு ஒரு கொள்கையும் வேண்டும், அது தவறான கொள்கையாக இருக்க வேண்டும். சு-ஆன் ரயிலில் ஒரு பாட்டிக்கு எழுந்து இடம் கொடுக்கிறாள். அப்பா அவளைத் தனியே கூப்பிட்டு, இந்த மாதிரி நேரத்தில் உன்னை மட்டும் பார்த்துக்கொள் என்கிறார். தன் பாட்டிக்கும் எப்போதும் முழங்கால் வலிக்கும் என்று அவள் பதில் சொல்கிறாள். படம் முழுக்க இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் சண்டை.

படி 4: பாத்திரங்களை அவர்கள் நிற்கும் கதவை வைத்து உருவாக்குங்கள்

ஒரு பலசாலி, ஒரு கோழை, ஒரு அழகான பெண், ஒரு குழந்தை, ஒரு கிழவர் என்று பட்டியல் போட்டால் ஆட்கள் கிடைப்பார்கள், கதாபாத்திரம் கிடைக்காது. அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: “இவர் இந்தக் கதவில், இன்னாருக்காக, இதைச் செய்கிறார், அதனால் இதை இழக்கிறார்.” நிரப்ப முடியாத ஆளை வெட்டிவிடலாம்.

நாயகன். கலவரம் தொடங்கியதும் சியோக்-வூ செய்யும் முதல் பெரிய காரியம், ஓடி வந்துகொண்டிருக்கும் கர்ப்பிணிக்கும் அவள் கணவனுக்கும் முன்னால் கதவைச் சாத்துவது. நாயகனை இப்படி அறிமுகம் செய்யத் தைரியம் வேண்டும். நம் எழுத்தாளர்கள் இங்கே தயங்கி, நாயகனை முதல் சீனிலேயே யாரையாவது காப்பாற்ற வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அவன் போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் போகும். கதவைச் சாத்தியவன் கடைசியில் மற்றவர்களைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டுத் தான் வெளியே நிற்க வேண்டும். அதுதான் அவனுடைய மொத்தப் பயணம்.

துணைவன். சாங்-ஹ்வா, அந்தக் கர்ப்பிணியின் கணவன். மா டோங்-சியோக் நடித்தது. நாயகனைவிட பலசாலி, நாயகனைவிட நல்லவன். தன் முகத்தில் கதவைச் சாத்தியவனோடு சேர்ந்தே பெட்டி பெட்டியாக அடித்துக்கொண்டு போகிறான். இந்தப் பாத்திரத்தின் வேலை, நாயகன் எப்படி ஆக வேண்டும் என்பதை வாழ்ந்து காட்டிவிட்டுச் செத்துப்போவது. அவன் இருக்கும்வரை நாயகன் முழுமையாக வளர முடியாது, ஏனென்றால் கடினமான வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது. அதனால் அவன் போயே ஆக வேண்டும். அவனுக்கு நிறைய நகைச்சுவை கொடுங்கள். பார்வையாளர் அவனை நேசித்தால்தான் அந்தச் சாவு வலிக்கும்.

சாட்சி. குழந்தை என்றால் கத்துவதற்கும் காணாமல் போவதற்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சு-ஆன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேஜோனில் அப்பா தனக்கும் மகளுக்கும் மட்டும் தனி வழி ஏற்பாடு செய்திருப்பது தெரிந்ததும் நின்றுவிடுகிறாள், மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும் என்கிறாள். உங்களைப் பற்றி மட்டுமே நினைப்பதால்தான் அம்மா விட்டுப் போனாள் என்கிறாள். ஜாம்பி கடிப்பதைவிட ஆழமாக இறங்கும் இடம் அது.

வில்லன். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். யோன்-சுக் ஒரு பேருந்து நிறுவன அதிகாரி. படத்தின் தொடக்கத்தில் கழிப்பறையில் ஒளிந்திருக்கும் வீடற்ற மனிதரைக் காட்டி, படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் ஆவாய் என்று சு-ஆனிடம் சொல்கிறார். அப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்று அவள் திருப்பிச் சொல்கிறாள். இந்த ஆள் முதலில் சாதாரண மனிதர்தான். கோட் சூட், நல்ல வேலை, மற்றவர்கள் கேட்கும்படியான குரல். படம் போகப்போக அவர் பயம் கூடுகிறது, பயத்தோடு அந்தக் குரலும் கூடுகிறது. ரயிலை எடு என்று கத்துகிறார். வருகிறவர்களுக்குத் தொற்று இருக்கும், திறக்காதே என்கிறார். கடைசியில் ஒவ்வொருவராக ஜாம்பிகள் முன் தள்ளிவிட்டு ஓடுகிறார். இன்ஜினில் அவரும் மாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு குழந்தையைப் போல, பூசானில் அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று விலாசம் சொல்லிக் கெஞ்சுகிறார். அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால் அவர் வெறும் பொம்மை. உங்கள் வில்லனுக்கும் போய்ச் சேர ஒரு வீடு இருக்கட்டும்.

அவரை நாயகனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உன்னை மட்டும் பார்த்துக்கொள் என்று மகளிடம் சொன்ன அதே கொள்கையைத்தான் இவர் கடைசிவரை கடைப்பிடிக்கிறார். நாயகன் மாறாமல் இருந்திருந்தால் இவராகத்தான் ஆகியிருப்பார். வில்லனை எழுத எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: நாயகனின் தொடக்கக் குறையை எடுத்து, அதை வேறொருவரிடம் கடைசிவரை ஓடவிடுங்கள்.

கூட்டம். இதைப் பலர் பாத்திரமாகவே நினைப்பதில்லை. 15-ஆம் பெட்டியில் இருப்பவர்கள் யாரும் கொலைகாரர்கள் இல்லை. ஒருவர் சத்தமாகப் பேசுகிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், துணியால் கதவைக் கட்டுகிறார்கள். கூட்டத்துக்கு இரண்டு மூன்று முகம் கொடுங்கள், தயங்கும் ஒரு முகமும் அதில் இருக்கட்டும்.

வெளியாள். பெயர்கூட இல்லாத அந்த வீடற்ற மனிதர். எல்லாரும் ஒதுக்கியவர் டோங்தேகுவில் சு-ஆனும் கர்ப்பிணியும் தப்ப வேண்டும் என்று ஜாம்பிகளைத் தன் உடம்பால் தடுத்து நிற்கிறார். இந்தப் பாத்திரம் எல்லாக் கதையிலும் வேலை செய்யும், ஆனால் அவரை முன்கூட்டியே நல்லவராகக் காட்டிவிடாதீர்கள்.

இளஞ்ஜோடியும், ரயில் ஓட்டுநர், பணியாளர் போன்ற கடமைக்காரர்களும் மீதி. அவர்களுக்கு நீண்ட பின்கதை வேண்டாம், தெளிவான ஒரு செயல் போதும். வயதான சகோதரிகள் இருவரைப் பற்றி மட்டும் அடுத்து தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 5: நடுப்பகுதியின் முதுகெலும்பு, மூன்று கதவு

தேஜோன் ஒரு பொய்யான விடிவு. ராணுவம் இருக்கிறது, இறங்கலாம் என்கிறார்கள். எல்லாரும் இறங்குகிறார்கள். ராணுவமே ஜாம்பி ஆகிவிட்டிருக்கிறது. திரும்ப ஓடி வந்து ரயிலில் ஏறுவதற்குள் குழு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. இந்த ஒரு நிகழ்வு நான்கு வேலை செய்வதைப் பாருங்கள்: நம்பிக்கையை உடைக்கிறது, ஆட்களைக் குறைக்கிறது, நாயகனின் சுயநலத்தை வெளியே கொண்டு வருகிறது, அடுத்த பகுதிக்கு இலக்கு கொடுக்கிறது. நடுப்புள்ளி நிகழ்வு இதில் இரண்டையாவது செய்யாவிட்டால் வேறு நிகழ்வைத் தேடுங்கள்.

நம் தியேட்டருக்கு எழுதுகிறவர்களுக்கு இடைவேளையும் இங்கேதான் விழும். 13-ஆம் பெட்டியில் இருந்து போன் வருகிறது, இவர்கள் 9-இல் இருக்கிறார்கள், நடுவில் இருக்கும் பெட்டிகள் எல்லாம் ஜாம்பி. அந்த இடத்தில் நிறுத்தினால் வெளியே போன யாரும் தாமதமாகத் திரும்ப மாட்டார்கள். துரத்தலின் உச்சத்தில் இடைவேளை விடுவதைவிட, இனி என்ன செய்யப்போகிறார்கள் என்று இலக்கு தெரிந்த கணத்தில் விடுவது நல்லது.

அப்புறம் பெட்டி பெட்டியாகக் கடப்பது. ஒவ்வொரு பெட்டியிலும் வேறு முறை. முதலில் கைகளில் டேப் சுற்றிக்கொண்டு நேரடி அடிதடி. அதிலேயே பேஸ்பால் ஆடும் பையன் யோங்-குக், ஜாம்பியாகிவிட்ட தன் சொந்த அணி நண்பர்களைப் பார்த்து மட்டையை ஓங்க முடியாமல் நிற்கிறான். பிறகு சுரங்கப்பாதை இருட்டைப் பயன்படுத்துகிறார்கள், செல்போன் ஒலியால் திசைதிருப்புகிறார்கள், சாமான் வைக்கும் தட்டில் ஏறித் தவழ்கிறார்கள். படி 1-இல் எழுதிய சட்டங்களை இங்கே ஒன்றன்பின் ஒன்றாகச் செலவழிக்கிறார்கள். ஒரே உத்தியை இரண்டு முறை பயன்படுத்தினால் இரண்டாவது முறை அது சொதப்ப வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு 15-ஆம் பெட்டிக் கதவுக்கு வந்தால் உள்ளே இருப்பவர்கள் திறக்கவில்லை. பின்னால் ஜாம்பிகள், முன்னால் மனிதர்கள் பிடித்திருக்கும் கதவு. சாங்-ஹ்வா பின்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே கடிபடுகிறான். பிறக்கப்போகும் மகளுக்குப் பெயரைச் சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைசி மூச்சுவரை அந்தக் கதவை விடவில்லை. மற்றவர்கள் முன்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். நுழைந்ததும் வரவேற்பு என்ன? இவர்களுக்குத் தொற்று இருக்கிறது, வெளியே போ. பிழைத்து வந்தவர்களை இணைப்புப் பகுதிக்குத் துரத்திவிட்டுக் கதவைக் கட்டுகிறார்கள்.

இப்போது அந்தச் சகோதரிகள். அக்கா இன்-கில் 13-இல் இருந்து இவர்களோடு வந்தவள், வழியிலேயே ஜாம்பி ஆகிவிட்டாள். தங்கை ஜோங்-கில் 15-இல் பத்திரமாக இருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகத்தைப் பார்க்கிறாள். தன்னைச் சுற்றி இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்கிறாள். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். பெட்டி முழுக்க அழிகிறது.

முதல் முறை பார்க்கும்போது இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, பார்த்தபின் இதைத் தவிர வேறு எதுவும் நடந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. காரணம், கதவுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாயகன் பயத்தில் சாத்திய கதவு, கூட்டம் பயத்தில் கட்டிய கதவு, தங்கை வெறுத்துப்போய்த் திறந்த கதவு. இதற்கு முன்பெல்லாம் திறப்பது நல்லது, சாத்துவது கெட்டது என்று பழகியிருந்தோம். இங்கே அந்தக் கணக்கும் புரண்டுவிடுகிறது. உங்கள் கதையிலும் மூன்றாவது கதவு முதல் இரண்டும் சொன்னதைப் புரட்டிப் போடட்டும்.

படி 6: சாவின் வரிசையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

யார் எப்போது சாகிறார் என்பதை வசனம் எழுதும்போது முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளில் வரிசை போட்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், இவர் போனதால் குழு எந்தத் திறமையை இழக்கிறது என்று எழுதுங்கள். சாங்-ஹ்வா போனதும் உடல்பலம் போகிறது. 15-ஆம் பெட்டி போனதும் எண்ணிக்கை போகிறது. ஓட்டுநர் போனதும் ரயிலை இயக்கத் தெரிந்தவர் போகிறார். அந்த ஓட்டுநர், கீழே விழுந்த யோன்-சுக்கைக் காப்பாற்றத் திரும்பி வந்ததால் சாகிறார். யோங்-குக் தப்பி ஓடவில்லை. மாறிக்கொண்டிருக்கும் தன் ஜோடிப் பெண் ஜின்-ஹீயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அழுவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டிய சாவும் உண்டு, மூச்சு விடாமல் கடந்து போக வேண்டிய சாவும் உண்டு. இரண்டையும் கலந்து வையுங்கள்.

பிழைப்பவர்கள் யார் என்பதும் முக்கியம். கடைசியில் மிஞ்சுவது ஒரு சிறுமியும் ஒரு கர்ப்பிணியும். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வேறு வழியில் போனது. இரவு முழுக்கத் தாக்குப்பிடித்த பென்னை, விடிந்ததும் ஜாம்பி வேட்டைக்கு வந்தவர்கள் ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியான முடிவு, இரண்டுமே தொடக்கத்தில் விதைத்ததைத்தான் அறுக்கின்றன.

படி 7: வெளியே இருக்கும் அரசாங்கமும் உங்கள் ஊரின் பயமும்

ரயிலில் இருக்கும் டிவியில் கலவரம் என்று செய்தி ஓடுகிறது, பதற வேண்டாம் என்று அரசு அறிவிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நகரம் எரிகிறது. கொரியப் பார்வையாளருக்கு இது வெறும் கற்பனையாக இருந்திருக்காது. 2014 ஏப்ரலில் செவோல் கப்பல் மூழ்கியபோது, உள்ளே இருந்தவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். பயணிகளை விட்டுவிட்டு கேப்டன் தப்பினார். அடுத்த ஆண்டே மெர்ஸ் என்ற சுவாச நோய்த் தொற்று வந்தது. அந்தப் பின்னணியோடு பார்த்தால், தன் உயிரே பெரிது என்று ஓடும் பேருந்து நிறுவன அதிகாரியும், கடைசிவரை பயணிகளுக்காக நின்ற ரயில் ஓட்டுநரும் ஏன் ஒரே படத்தில் இருக்கிறார்கள் என்று புரியும்.

நாயகனையும் படம் சும்மா விடவில்லை. அவருடைய அலுவலக உதவியாளர் போன் செய்கிறார். நாம் தூக்கி நிறுத்திய அந்த நிறுவனத்தில் இருந்துதான் இது கசிந்திருக்கிறது, இதற்கு நாமும் காரணமா என்று கேட்கிறார். சியோக்-வூ கையில் இருக்கும் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு அழுகிறார். பேரழிவில் நாயகனுக்கும் ஒரு சிறு பங்கு இருந்தால், அவர் தப்பிக்க ஓடும் ஓட்டத்தின் எடை கூடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே கொரியப் பயத்தைக் கடன் வாங்க வேண்டாம். 2020-இல் தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தோம். ஊருக்குத் திரும்பியவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தினோம். நம்மிடம் கதவுகளுக்குப் பஞ்சமில்லை.

படி 8: முடிவு, தொடக்கத்தில் பாதியில் நின்றதை முடித்து வைக்கட்டும்

இன்ஜினில் கடிபட்ட சியோக்-வூ, மகளையும் சியோங்-கியோங்கையும் உள்ளே உட்கார வைத்து, பிரேக் எது என்று சொல்லிக் கொடுக்கிறார். வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். முதல் கதவைச் சாத்தியதும் இவர்தான், கடைசிக் கதவைச் சாத்துவதும் இவர்தான். இம்முறை அவர் வெளியே இருக்கிறார். மகளை முதன்முதலில் கையில் ஏந்திய நாளை நினைத்துச் சிரிக்கிறார், ஓடும் ரயிலில் இருந்து விழுகிறார். விழுவதை நிழலாகத்தான் காட்டுகிறார்கள்.

பூசானுக்கு முன்னால் ஒரு சுரங்கப்பாதை. இருவரும் இருட்டில் நடந்து வருகிறார்கள். எதிரில் ராணுவம். வருவது மனிதரா ஜாம்பியா என்று தெரியவில்லை, சுடச் சொல்லி உத்தரவு வருகிறது. அப்போது சு-ஆன் பாடுகிறாள். பள்ளியில் பாதியில் நின்ற அதே பாட்டு. பாட்டு கேட்டதும் துப்பாக்கி இறங்குகிறது. இருட்டில் கண் தெரியாது, சத்தம் கேட்டால் திரும்பும் என்ற ஜாம்பிச் சட்டம் இப்போது மனிதர்களுக்குப் பொருந்துகிறது. அப்பாவுக்காகப் பாட முடியாமல் போன பாட்டு உயிரைக் காப்பாற்றுகிறது. உறவுக் கதையும் ஜாம்பிக் கதையும் ஒரே செயலில் முடிகின்றன. இப்படி ஒரு செயலைக் கண்டுபிடிக்கும்வரை முதல் சீனை எழுதத் தொடங்காதீர்கள். முடிவு கிடைத்த பிறகு, அதற்கு வேண்டியதைத் தொடக்கத்தில் கொண்டுபோய் வைப்பது எளிது.

படி 9: எழுத உட்காரும் வரிசை

முதலில் சட்டங்களின் பக்கம், அடுத்து வரைபடம். மூன்றாவதாகக் கதவுப் பட்டியல்: எந்தக் கதவு, யார், யாருக்காக, என்ன இழப்பு. நான்காவதாகச் சாவின் வரிசை. இந்த நான்கும் முடிந்த பிறகு சீன் ஆர்டரை அட்டைகளில் எழுதுங்கள், ஒரு சீனுக்கு ஓர் அட்டை. அடுத்தடுத்த மூன்று அட்டைகளில் யாரும் எந்த முடிவும் எடுக்காமல் ஓடிக்கொண்டே மட்டும் இருந்தால், நடுவில் இருப்பதைக் கிழித்துவிடுங்கள். வசனம் கடைசி வேலை.

அட்டைகள் முடிந்ததும் ஒரு சோதனை. ஒவ்வொரு சீனிலும் ஜாம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளம் அல்லது தீ என்று போட்டுப் படியுங்கள். ஆட்களுக்கு இடையே இருக்கும் பிரச்சினை அப்போதும் நிற்க வேண்டும். நிற்காத சீன்களைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்ப எழுதுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் இருந்து பாருங்கள்: இந்த ஜாம்பிச் சட்டங்கள் இல்லாமல் நடக்கவே முடியாத சீன் நான்கைந்தாவது இருக்க வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் இந்தக் கதைக்கு ஜாம்பி தேவையில்லை, வேறு படமாக எழுதிவிடலாம்.

திரைக்கதையில் ஒலியைத் தனி வரியாக எழுதப் பழகுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கிறது, எப்போது நின்றுபோகிறது என்று எழுதினால், பட்ஜெட் சின்னதாக இருந்தாலும் ஆயிரம் ஜாம்பியை ஒரு சுவருக்குப் பின்னால் வைத்துவிடலாம். பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுத் திரைக்கதைப் புத்தகம், தயாரானதும், சிவப்பு மையில் கதவு குறித்த அந்த வரைபடத்தை முதல் பக்கமாக வைத்துத் தையுங்கள். கலை இயக்குநர், ஒளிப்பதிவாளர், சண்டைப் பயிற்சியாளர் மூவரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.